பிரேக் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

வாசகர் கடிதம்:

தானியங்கி ஸ்லைடிங் கதவுகளுக்கு மோட்டார் கன்ட்ரோலர் செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. 12 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறோம். போன வாரம் ஒரு பெரிய கதவு நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் கன்ட்ரோலர் அவர்களுடைய காப்புரிமையை மீறுகிறதாம். 30 நாளுக்குள் விற்பனையை நிறுத்த வேண்டும், இதுவரை விற்றதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். காப்புரிமையின் தலைப்பு ‘தானியங்கிக் கதவுக்கான மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு முறை’. 9 ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு ஒருவர் உரிமை கொண்டாட முடியுமா? எங்கள் பொறியாளர், ‘நாம் போட்டிருப்பது சாதாரண பி.ஐ.டி. (வேகம் பிசகினால் உடனே திருத்தும் வழக்கமான கட்டுப்பாட்டு முறை), பயப்பட ஒன்றுமில்லை’ என்கிறார். எங்கள் பழைய மாடலில் கதவைப் பொருத்த வருபவர் அதன் எடையை ஒரு குமிழைத் திருப்பி அமைப்பார். இரண்டு வருடமாக விற்கும் புது மாடலில் கன்ட்ரோலரே முதல் ஓட்டத்தில் எடையைத் தெரிந்துகொள்ளும். எங்களிடம் வாங்கும் இரண்டு நிறுவனங்களுக்கும் இதே கடிதம் போயிருக்கிறது, அவர்கள் பதறுகிறார்கள். பதில் போடுவதா, பேசாமல் இருப்பதா, லைசென்ஸ் வாங்குவதா, மென்பொருள் கோடை மாற்றிவிடுவதா? அவர்களின் முதல் உரிமைக்கோரலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உபயோகமாக இருந்தது நீங்கள் இணைத்த அந்த ஒரு பத்திதான். பலர் வழக்கறிஞரின் கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டு ‘நாங்கள் மீறினோமா’ என்று கேட்பார்கள். அதைப் படித்து யாராலும் பதில் சொல்ல முடியாது. நீங்கள் சரியான காகிதத்தை அனுப்பியிருக்கிறீர்கள்.

முதலில் தலைப்பை மறந்துவிடுங்கள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைய சங்கதி. ஹாரி வார்ட் லியோனார்ட் 1891-லேயே ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தை மாற்றி டி.சி. மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார். லிஃப்ட்டுகள் பல பத்தாண்டுகள் அதில்தான் ஓடின. டீ ஹார்ட்டன், லூ ஹூவிட் இருவரும் தானியங்கி ஸ்லைடிங் கதவை உருவாக்கியது 1954-இல். 1960-இல் அது விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகவே ‘தானியங்கிக் கதவின் மோட்டார் வேகக் கட்டுப்பாடு’ முழுவதற்கும் இன்று யாரும் வேலி போட முடியாது. இப்படிப்பட்ட தலைப்பு காப்புரிமை அலுவலகம் கோப்பை அடுக்கி வைப்பதற்கு உதவும், அவ்வளவுதான். உரிமை எதுவரை என்பதைச் சொல்வது உரிமைக்கோரல். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் வேலியின் ஒரு கம்பம்.

நீங்கள் அனுப்பிய உரிமைக்கோரலைப் பேச்சு வழக்கில் உடைத்தால் ஐந்து துண்டு வருகிறது. ஒன்று, கதவை ஓட்டும் மோட்டார். இரண்டு, கதவு எங்கே இருக்கிறது என்று அறியும் சென்சார். மூன்று, முதல் ஓட்டத்தில் கதவு குறித்த வேகத்தை எட்ட ஆகும் நேரத்தை அளந்து, அதிலிருந்து எடையைக் கணிப்பது. நான்கு, அந்த எடையை வைத்து பிரேக் தொடங்க வேண்டிய இடத்தை முடிவு செய்வது. ஐந்து, ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும், கதவு தவழும் வேகத்துக்கு வந்துசேர்ந்த இடம் சரியாக இருந்ததா என்று பார்த்து, அடுத்த ஓட்டத்துக்கு பிரேக் இடத்தைத் திருத்தி வைப்பது.

மீறல் என்றால் இந்த ஐந்தும் உங்கள் பொருளில் இருக்க வேண்டும். நான்கு இருந்து ஒன்று இல்லையென்றால், அந்த ஒன்றுக்குச் சமமான வேறொன்றும் இல்லையென்றால், மீறல் இல்லை. அடுத்த ஒரு மாதம் உங்கள் வேலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இருக்கப்போகிறது. ‘எங்கள் கன்ட்ரோலர் மொத்தத்தில் வேறு மாதிரி’ என்ற வாதத்துக்கு இங்கே மதிப்பு இல்லை. உங்களுடையது ஐந்தோடு இன்னும் இருபது நல்ல விஷயங்களைச் செய்தாலும், ஐந்தும் உள்ளே இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அவர்கள் ஏன் பிரேக் தொடங்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று புரிந்துகொள்வது அவசியம். காப்புரிமைத் துறைக்கு வருவதற்கு முன் மோட்டார் டிரைவ் வேலையில் இருந்தவன் என்பதால், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கதவு வேகமாகத் திறக்க வேண்டும், முட்டாமல் நிற்கவும் வேண்டும். ஓடும் கதவிலுள்ள ஆற்றல் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். குறைந்த ஆற்றலில் இயங்கும், கீலில் ஆடித் திறக்கும் கதவுகளுக்கு ஐரோப்பியத் தரமும் அமெரிக்கத் தரமும் வைத்திருக்கும் எல்லை 1.69 ஜூல், கதவைத் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் விசை 67 நியூட்டனைத் தாண்டக்கூடாது. இந்த ஆற்றல் எல்லையை உங்கள் ஸ்லைடிங் கதவுக்கு உதாரணத்துக்காகப் பொருத்திப் பாருங்கள். 100 கிலோ கதவு வினாடிக்கு 18 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று வரும். 50 கிலோ கதவு 26 சென்டிமீட்டர் வரை போகலாம். எடை தெரியாமல் வேகத்தைத் தீர்மானிக்கவே முடியாது என்பது இதிலேயே தெரிகிறது.

பிரேக்கும் அப்படித்தான். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வரும் கதவை, ஒவ்வொரு வினாடியும் அந்த வேகத்தில் அரை மீட்டர் குறையும்படி பிடித்தால், நிற்க 25 சென்டிமீட்டர் ஆகும். எடை இரட்டிப்பாகி பிரேக் விசை அதேயாக இருந்தால் 50 சென்டிமீட்டர் ஆகும். ஆக, கனமான கதவுக்கு முன்கூட்டியே பிரேக் போட வேண்டும். இது இயற்கையின் விதி. இதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. எடையை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்வது என்ற குறிப்பிட்ட வழிக்குத்தான் அவர்களுக்கு உரிமை கிடைத்திருக்கிறது. அந்த வழியில் இரண்டு சொற்கள் முக்கியம்: மூன்றாம் துண்டில் ‘நேரம்’, ஐந்தாம் துண்டில் ‘அடுத்த ஓட்டம்’.

இப்போது உங்கள் இரண்டு மாடலையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞரின் கடிதம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறது. நீங்கள் அந்த மூட்டையை ஏற்கவே கூடாது.

பழைய மாடலில் எடையை மனிதர் குமிழால் சொல்கிறார். கன்ட்ரோலர் எதையும் கணிப்பதில்லை. மூன்றாம் துண்டு அங்கே இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஐந்தாவதும் இல்லை. அதோடு, 12 ஆண்டுகளாக அதே கோட்பாட்டில் ஓடுகிறது என்றால், அவர்கள் விண்ணப்பித்த நாளுக்கு மூன்று ஆண்டு முந்தையது. பழைய ரேஸர் வழக்கு ஒன்றில், 1913-இல், பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அப்போது அந்த நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் அதுவே), மீறியதாகச் சொல்லப்பட்டவரின் ஒரு வாதத்தை ஏற்றுக்கொண்டது. நான் செய்வது உங்கள் விண்ணப்பத்துக்கு முன்பே உலகம் அறிந்தது. உங்கள் உரிமைக்கோரல் அதையும் உள்ளடக்குகிறது என்றால் உங்கள் காப்புரிமை செல்லாது, உள்ளடக்கவில்லை என்றால் நான் மீறவில்லை, இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அந்த வாதம். உங்கள் பழைய மாடலுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளில் விண்ணப்பத்துக்கு முன்பே அந்த நாட்டில் அதையே பயன்படுத்தி வந்தவருக்குத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமையும் தனியாக உண்டு.

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘எங்கள் பழைய மாடலே அவர்கள் காப்புரிமையை உடைத்துவிடும்’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள். எடையைத் தானே கணிப்பதும் ஓட்டத்துக்கு ஓட்டம் திருத்துவதும் பழைய மாடலில் இல்லை. அது உங்களைக் காக்கும். அவர்களைத் தாக்க அது மட்டும் போதாது.

புது மாடல்தான் கவலைக்குரியது. இதில் உங்கள் பொறியாளரிடம் நான் நேரே கேட்க விரும்பும் கேள்விகள் உண்டு. முதல் ஓட்டத்தில் எடையை எதிலிருந்து கணிக்கிறீர்கள்? குறித்த வேகத்தை எட்டும் நேரத்திலிருந்தா, முடுக்கத்தின்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்திலிருந்தா? நேரம் என்றால் மூன்றாம் துண்டு இருக்கிறது, பேச்சுக்கே இடமில்லை. மின்னோட்டம் என்றால் எழுத்தின்படி இல்லை. ஆனால் அவர்கள் ‘இரண்டும் ஒன்றுதான், ஒரே வேலையை ஒரே வழியில் செய்கிறது’ என்று சமானக் கோட்பாட்டைக் கொண்டுவருவார்கள். விசை ஒன்றாக இருந்தால் நேரம் எடைக்கு விகிதமாக ஏறும். வேகத்தின் ஏற்றம் ஒன்றாக இருந்தால் மின்னோட்டம் ஏறும். இயற்பியலில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி என்பதால் அந்த வாதத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது.

சமானக் கோட்பாடு நாட்டுக்கு நாடு எப்படி மாறும் என்பதற்கு முடி பிடுங்கும் எபிலேடி கருவியின் வழக்கு நல்ல உதாரணம். காப்புரிமையில் சுருள் கம்பி என்று இருந்தது. போட்டியாளர் பிளவுகள் வெட்டிய ரப்பர் தண்டைப் போட்டார். இங்கிலாந்து நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. ஜெர்மன் நீதிமன்றம் மீறல் என்றது. கருவி ஒன்று, காப்புரிமை ஒன்று, முடிவு இரண்டு. அதனால் நீங்கள் எந்தெந்த நாட்டில் விற்கிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேலை இருக்கிறது. பலர் அதைச் செய்வதே இல்லை. காப்புரிமை அலுவலகத்துக்கும் அவர்களுக்கும் பரிசோதனைக் காலத்தில் நடந்த கடிதப் போக்குவரத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான நாடுகளில் அது பொதுவில் கிடைக்கும். முதலில் அவர்கள் ‘எடையைக் கணிப்பது’ என்று பொதுவாகக் கேட்டிருக்கலாம். பரிசோதகர், மின்னோட்டத்தை வைத்து எடை கணிக்கும் பழைய ஆவணத்தைக் காட்டி மறுத்திருக்கலாம். அதைத் தாண்டுவதற்காக ‘நேரத்தை அளந்து’ என்ற சொற்களை அவர்கள் பிறகு சேர்த்திருந்தால், அமெரிக்காவில் அவர்கள் கை பெரிதும் கட்டப்பட்டுவிடும். காப்புரிமை வாங்குவதற்காக விட்டுக்கொடுத்ததை மீறல் வழக்கில் சமானம் என்று சொல்லித் திரும்ப வாங்குவது அங்கே மிகக் கடினம். 2002-இல் ஃபெஸ்டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. மற்ற நாடுகளில் இவ்வளவு கண்டிப்பாக இல்லாவிட்டாலும், பேச்சு வார்த்தை மேசையில் அந்தக் காகிதத்துக்கு நல்ல கனம் உண்டு.

அப்புறம் ஐந்தாம் துண்டு. உங்கள் பொறியாளரின் ‘சாதாரண பி.ஐ.டி.’ என்ற பேச்சு பலன் தரக்கூடிய இடம் இதுதான், ஆனால் அவர் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. பி.ஐ.டி. ஒரு ஓட்டத்துக்குள்ளேயே திருத்துகிறது. சில மில்லிவினாடிக்கு ஒருமுறை இருக்க வேண்டிய வேகத்தையும் இருக்கும் வேகத்தையும் ஒப்பிட்டு மோட்டாருக்குப் போகும் துடிப்பின் அகலத்தை மாற்றுகிறது. கதவு நின்றதும் அது எதையும் நினைவில் வைப்பதில்லை. உரிமைக்கோரல் கேட்பதோ, இந்த ஓட்டத்தில் கற்றதை அடுத்த ஓட்டத்துக்குக் கொண்டுபோவது. உங்கள் கோடில் ஓட்டம் முடிந்ததும் பிரேக் இடத்தைத் திருத்தி எங்காவது எழுதிவைக்கும் வரி உண்டா? இல்லையென்றால் ஐந்தாம் துண்டு உங்களிடம் இல்லை. மூன்றும் நான்கும் இருந்தாலும் நீங்கள் வேலிக்கு வெளியே நிற்கிறீர்கள்.

பொறியாளரின் வாய்வார்த்தையை நம்பி இதை முடிவு செய்யாதீர்கள். அவர் பொய் சொல்வார் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் எத்தனை ஃபர்ம்வேர் (கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு வந்திருக்கும், புகார் வந்தபோது யாராவது அவசரத்தில் ‘கதவு தட்டுகிறது, பிரேக் இடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளு’ என்று ஒரு சிறு கற்றல் வரியைச் சேர்த்திருப்பார்கள். நல்ல எண்ணத்தில் சேர்த்த அந்த நான்கு வரிதான் வழக்கின் உயிராக இருக்கும். ஒவ்வொரு பதிப்பையும், அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை விற்ற கன்ட்ரோலர்களில் போனது என்பதையும் பட்டியல் போடுங்கள். சில பதிப்புகள் மட்டும் மாட்டினால், கொடுக்க வேண்டிய கணக்கும் அவற்றுக்கு மட்டும்தான்.

கோடைப் படித்த பிறகு கதவையே கேளுங்கள். எதிர்த்தரப்பு உங்கள் கோடைப் பார்த்திருக்க வழியில்லை. கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, கதவில் மாட்டி, மோட்டார் முனையில் ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்துத்தான் முடிவுக்கு வந்திருப்பார்கள். அதே சோதனையை நீங்களும் செய்யுங்கள். எடையைத் தெரிந்துகொள்ளும் முதல் ஓட்டம், அதாவது கற்றல் ஓட்டம், முடிந்த பின் கதவில் 20 கிலோ கூடுதலாகக் கட்டி, பத்து முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் பிரேக் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்திலும் ஒரே இடம், பிரேக்கின் அழுத்தம் மட்டும் கூடியிருக்கிறது என்றால் அது பி.ஐ.டி.-யின் வேலை. இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தில் இடம் மெல்ல முன்னால் நகர்ந்து ஒரு புள்ளியில் நிலைத்தால் அது கற்றல். மின்சாரத்தை அணைத்துப் போட்டு இன்னொரு முறை ஓட்டினால், எழுதி வைத்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். தேதி, ஃபர்ம்வேர் பதிப்பு, கதவின் எடை எல்லாவற்றோடும் பதிவு செய்யுங்கள். இதை உங்கள் காப்புரிமை வழக்கறிஞரின் கேட்புக்கிணங்க, அவர் மேற்பார்வையில் செய்வது நல்லது. முடிவு பாதகமாக வந்தால் அந்தக் காகிதம் எதிர்த்தரப்பின் கையில் போகாமல் காக்க பல நாடுகளில் அது உதவும்.

சோதனையில் ஐந்தும் இருக்கிறது என்று வந்தால்? அப்போதும் முடிந்துவிடவில்லை. காப்புரிமை செல்லுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

தேட வேண்டிய இடம் கதவுகள் மட்டும் இல்லை. காப்புரிமை வகைப்பாட்டில் மின்கதவு இயக்கிகள் இ05எஃப் 15 (E05F 15) என்ற பிரிவில் இருக்கும். மோட்டார் கட்டுப்பாடு எச்02பி-யில் (H02P) இருக்கும். லிஃப்ட் கதவுகள் பி66பி 13-இல் (B66B 13) இருக்கும். எனக்கு லிஃப்ட் கதவுகள் மேல் அதிக நம்பிக்கை, ஏனென்றால் ஒரே லிஃப்ட்டின் கதவு ஒவ்வொரு தளத்திலும் வேறு வேறு எடையை இழுக்க வேண்டியிருக்கும். அந்தத் துறை இந்தப் பிரச்சினையோடு நெடுநாள் மல்லுக்கட்டியிருக்கிறது. பஸ், ரயில் கதவுகளையும் விடாதீர்கள். துணி துவைக்கும் இயந்திரங்கள் டிரம் சுழன்று வேகம் பிடிப்பதை வைத்துத் துணியின் சுமையைக் கணிப்பது நன்கு தெரிந்த நுட்பம். ஒரு துறையில் தெரிந்ததை அடுத்த துறைக்குக் கொண்டுபோவதில் புத்தாக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல், சரிசெய்யக்கூடிய கார் பெடலில் மின்னணு சென்சாரை மாட்டிய காப்புரிமையை, தெரிந்த இரண்டை எதிர்பார்த்தபடி சேர்த்ததுதான் என்று செல்லாததாக்கியது. ஐந்தாம் துண்டுக்கு, அதாவது பிழையைப் பார்த்து அடுத்த முறை திருத்துவதற்கு, லிஃப்ட் கதவு ஆவணம் ஒன்று கிடைத்தால் உங்கள் நிலை மிகவும் பலப்படும்.

காப்புரிமை ஆவணங்களோடு நிற்காமல் பழைய பொருத்துதல் கையேடுகளைத் தேடுங்கள். ‘கற்றல் ஓட்டம் செய்யவும், முதல் சில ஓட்டங்களில் கதவு தன்னைச் சரிசெய்துகொள்ளும்’ என்று பத்து ஆண்டுக்கு முந்தைய கையேட்டில் ஒரு வரி, அச்சான தேதியோடு இருந்தால் அதன் மதிப்பு பெரிது. பழைய கன்ட்ரோலரை வைத்திருக்கும் பராமரிப்பு ஆட்களைக் கேளுங்கள். 1985-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பாய்மரப் பலகைக் காப்புரிமையைச் செல்லாததாக்கியபோது, அதன் முன் இருந்த சாட்சியங்களில் ஒன்று 1958-இல் ஒரு 12 வயதுச் சிறுவன் தானே செய்து கடற்கரையில் ஓட்டிய பலகை. பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்துதான் சான்று வரவேண்டும் என்றில்லை. பலர் பார்க்கும்படி நடந்ததா, எப்போது நடந்தது என்பதுதான் கணக்கு.

காலக்கெடுக்களையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு, காப்புரிமை வழங்கிய அறிவிப்பிலிருந்து 9 மாதத்துக்குள். இந்தியாவில் அறிவிப்பு வெளியாகி ஓராண்டுக்குள். அமெரிக்காவில் அலுவலகத்திலேயே மறுஆய்வு கேட்க வழி உண்டு, ஆனால் உங்கள் மேல் வழக்குப் போட்டு மனு கையில் வந்த நாளிலிருந்து ஓராண்டு தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். இவை தவறினாலும் நீதிமன்றத்தில் செல்லாமை வாதம் வைக்கலாம். செலவும் காலமும் கூடும்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றே செய்ய வேண்டிய பத்து நிமிட வேலை ஒன்று. அந்தக் காப்புரிமை நீங்கள் செய்யும் நாட்டிலும் விற்கும் நாட்டிலும் உயிரோடு இருக்கிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். காப்புரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனி. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு என்பது மேல் எல்லை. இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே போய்விடும். என்னிடம் வந்த ஒருவர், தம் நாட்டில் கட்டணம் கட்டாமல் காலாவதியான காப்புரிமைக்கு இரண்டு ஆண்டு லைசென்ஸ் பணம் கட்டிக்கொண்டிருந்தார். கடிதம் பார்க்க மிரட்டலாக இருந்ததால் அவர் பதிவேட்டைத் திறந்தே பார்க்கவில்லை. அந்த நாள் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கோடை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். மாற்றலாம், மாற்றுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பழையதை அழித்துவிட்டு மாற்றாதீர்கள். கடிதம் கையில் வந்த நாளிலிருந்து கோடின் பழைய பதிப்பு, மின்னஞ்சல், சோதனைக் குறிப்பு எதையும் அழிக்கக் கூடாது. அழித்தது தெரிந்தால் நீதிமன்றம் உங்களைப் பற்றி மோசமானதையே ஊகிக்கும், நிரபராதியாக இருந்தாலும். அலுவலகத்தில் இதைப் பற்றி ‘நாம் மீறிவிட்டோம் போலிருக்கிறது’ என்ற பாணியில் யாரும் யாருக்கும் எழுதவும் வேண்டாம். தெரிந்தே மீறினார் என்று வந்தால் அமெரிக்காவில் இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்த முடியும்.

மாற்றும் வழி என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பிரேக் தொடங்கும் இடத்தை எடையிலிருந்து கணக்கிடுவதையே விட்டுவிடுங்கள். மிகக் கனமான கதவையும் மோட்டார் தாங்கிப் பிடிக்கக்கூடிய ஒரு மந்தமான வேகக்குறைப்பைத் தேர்ந்தெடுத்து, மிச்சமிருக்கும் தூரத்துக்கு இவ்வளவு வேகம் என்று ஒரே வளைகோட்டை எல்லாக் கதவுக்கும் வையுங்கள். அந்த வளைகோட்டைக் கதவு பின்பற்றும்படி பார்த்துக்கொள்வது பி.ஐ.டி.-யின் வேலை. கனமான கதவுக்கு அதிக பிரேக் அழுத்தம் போகும், தொடங்கும் இடம் மாறாது. நான்காம் துண்டும் ஐந்தாம் துண்டும் ஒரே வீச்சில் போய்விடும். இலேசான கதவுகள் நிற்க முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அதை உங்கள் வாடிக்கையாளர்கள் ஏற்பார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். எடைக் கணிப்பை மூடும் வேகத்தின் எல்லைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். உரிமைக்கோரல் அதைத் தொடவில்லை. மற்ற உரிமைக்கோரல்களையும், அதே குடும்பத்தில் வேறு விண்ணப்பங்கள் நிலுவையில் உண்டா என்பதையும் பார்த்த பிறகுதான் இதை உறுதி செய்யலாம்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். காப்புரிமையைத் தாண்டுகிறோம் என்று பாதுகாப்பைத் தளர்த்திவிடாதீர்கள். கற்றல் பகுதியை எடுத்த பிறகு மோதல் விசையையும் மூடும் வேகத்தையும் முழுமையாக அளந்து, தேவையான சான்றிதழை மீண்டும் வாங்கிய பிறகே வெளியே விடுங்கள். அந்தக் கதவின் வழியே ஊன்றுகோலோடு வரும் முதியவர் நடக்கிறார், குழந்தை ஓடுகிறது.

வாடிக்கையாளர்களிடம் இந்த வாரமே நேரில் பேசுங்கள். அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் காப்புரிமை வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்ற பிரிவு இருக்கும். அதைப் படிக்காமல் ‘எல்லாச் செலவும் எங்களுடையது’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நியாயமான அடிப்படையின்றி காப்புரிமை வழக்கு மிரட்டல் விடுப்பதை பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சட்டம் தவறாகவே பார்க்கிறது. பிரிட்டனில் தயாரிப்பாளரை மிரட்டுவதைவிட அவருடைய வாடிக்கையாளரை மிரட்டுவதற்குத்தான் கட்டுப்பாடு அதிகம். அவர்களுக்கு வந்த கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு கடிதத்திலும் சொற்கள் எப்படி வேறுபடுகின்றன என்பது உங்கள் வழக்கறிஞருக்கு உதவும்.

லைசென்ஸ் கடைசி. ஐந்தும் இருக்கிறது, செல்லாமைச் சான்று பலவீனம், கோடை மாற்றினால் பொருளின் மதிப்பு குறைகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் வாங்குங்கள். அப்போதும் புது மாடலுக்கு மட்டும், கடந்த விற்பனைக்கும் சேர்த்து முழு விடுவிப்போடு, மீறலை ஒப்புக்கொண்டதாக ஒரு சொல்லும் இல்லாமல்.

பேசாமல் இருப்பது மட்டும் வேண்டாம். 30 நாள் என்பது அவர்கள் வைத்த கெடு. அது சட்டத்தின் கெடு இல்லை. ஆனால் பதிலே இல்லையென்றால் அடுத்து வருவது தடையாணை மனுவாக இருக்கலாம். உங்கள் வழக்கறிஞர் கையெழுத்தில் ஒரு வாரத்துக்குள் இப்படி ஒரு சிறு கடிதம் போகட்டும்:

“தங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் பரிசீலித்து வருகிறோம். எங்களுடைய எந்த மாடல், எந்த ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த உரிமைக்கோரலை மீறுகிறது என்று கருதுகிறீர்கள் என்பதை, உரிமைக்கோரலின் ஒவ்வொரு கூறுக்கும் எதிரே எங்கள் பொருளின் எந்தப் பகுதி என்று குறிப்பிட்டு அனுப்பவும். குறிப்பாக, ‘அடுத்த ஓட்டத்துக்கு பிரேக் தொடங்கும் இடத்தைத் திருத்துவது’ என்ற கூறு எங்கள் பொருளில் இருப்பதாக எந்தச் சோதனையின் அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று தெரிவிக்கவும். இந்தக் கடிதம் எதையும் ஒப்புக்கொள்வதாகாது. எங்கள் எல்லா உரிமைகளும் அப்படியே இருக்கின்றன.”

அவர்கள் அனுப்பும் அட்டவணையில் ஐந்தாம் கூறுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே ஆசிலோஸ்கோப் படம் இருந்தால் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். உங்கள் பத்து ஓட்டப் பதிவோடு அதை வைத்து ஒப்பிடுவோம். ‘கருத முடியும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தை எப்படி எழுதுவது என்று அப்போது பார்ப்போம்.